டயாலிசிஸில் இருப்பவருக்கு எண்ணெயை நிறுத்தலாமா?

ஈரோட்டுக்காரன்:
அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாரடைப்புக்குப் பயந்து எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டோம். தாளிப்பு கிடையாது, தோசைக்கல்லில் ஒரு சொட்டு கிடையாது. சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். கிட்னி போனவர்களுக்கு எமன் இதயத்தில்தான் என்று டாக்டர்களே சொல்கிறார்களே?

வைகைக்கரை:
தம்பி, எமன் இதயத்தில்தான், சரி. ஆனால் கொழுப்பு மட்டுமா காரணம்? ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிகிறது. நீர் கோத்து இதயம் பெருக்கிறது. பொட்டாசியம் ஏறினால் துடிப்பே தடுமாறுகிறது. 2005-ல் ஜெர்மனியின் 4டி ஆய்வில், சர்க்கரை நோயோடு டயாலிசிஸிலும் இருந்த 1,255 பேரில் ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள். கெட்ட கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மொத்தத்தில் சொல்லும்படி குறையவில்லை. 2009-ல் அரோரா ஆய்வு, டயாலிசிஸில் இருந்த 2,776 பேர், அதே வகை மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின். அதே கதை. மாத்திரையே தோற்ற இடத்தில் தாளிப்பை நிறுத்தி என்ன சாதிக்கப் போகிறீர்கள்?

கணக்கர்:
பாதியை மறைக்கிறீர்கள் சார். 2011 ஷார்ப் ஆய்வில் சிம்வாஸ்டாட்டின், எசெட்டிமைப் என்ற இரண்டு கொழுப்பு மாத்திரைகளும் சேர்ந்து, அடைப்பால் வரும் பெரிய பாதிப்புகளை 17 சதவீதம் குறைத்தன. அதில் சுமார் 3,000 பேர் டயாலிசிஸில் இருந்தவர்கள். உங்கள் பதிவைப் படித்து யாராவது மாத்திரையை நிறுத்தினால்?

வைகைக்கரை:
யார் நிறுத்தச் சொன்னது? அந்த 17 ஒன்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த கணக்கு. டயாலிசிஸ்காரர்களைத் தனியே பிரித்தால் பலன் தெளிவாக இல்லை. கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2013 வழிகாட்டியும் ஏற்கெனவே சாப்பிடுகிறவர் தொடரலாம், டயாலிசிஸில் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். இவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 25 முதல் 35 கலோரி வேண்டும். பழம், பால், பருப்பு எல்லாவற்றுக்கும் அளவு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. பொட்டாசியம், பாஸ்பரஸ், தண்ணீர் எதுவும் இல்லை. அதையும் பிடுங்கினால் ஆள் உருகிவிடுவார். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வனஸ்பதியும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும்தான் ஆகாது.

நாஞ்சில் மீனவன்:
மீன் எண்ணெயை விட்டுவிட்டீர்களே! 2025 நவம்பரில் வந்த பிசஸ் ஆய்வு: கனடா, ஆஸ்திரேலியா, டயாலிசிஸில் இருந்த 1,228 பேர், தினம் 4 கிராம் மீன் எண்ணெய். இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம், காலை எடுப்பது எல்லாம் சேர்த்து 43 சதவீதம் குறைவு. எங்க ஊர் சாளைக் குழம்பே போதும்.

கணக்கர்:
எங்கே போதும்? ஆய்வில் கொடுத்தது மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்புகள்: தினமும் இபிஏ 1.6 கிராம், டிஎச்ஏ 0.8 கிராம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். எட்டு விழுங்க வேண்டும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். குழம்பென்றால் புளியின் பொட்டாசியம், உப்பு, தண்ணீர் எல்லாம் கணக்கில் வரும்.

நாஞ்சில் மீனவன்:
சரி, குழம்பு வேண்டாம், உப்புக் குறைத்து வறுக்கட்டும். முள்ளோடு மெல்லும் நெத்திலியும் வேண்டாம், பாஸ்பரஸ். கருவாடு பக்கமே போகக் கூடாது.

ஈரோட்டுக்காரன்:
அண்ணா, நாங்கள் சைவம். ஆளிவிதை?

வைகைக்கரை:
ஆளிவிதை ஒமேகா-3 உடம்பில் மீன் வகையாக மாறுவது ரொம்பக் கொஞ்சம். அந்த ஆய்வு சோதித்ததும் அதை அல்ல. அப்பாவுக்கு ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு?

ஈரோட்டுக்காரன்:
3.1. டிரை வெயிட்டையும் (அதிக நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) தீபாவளிக்குப் பிறகு இரண்டு தடவை குறைத்தார்கள்.

வைகைக்கரை:
போவது நீரில்லை தம்பி, சதை. ரிப்போர்ட்டோடு டயட்டீஷியனைப் பாருங்கள்.

கணக்கர்:
எண்ணெயை ஊற்றினால் அல்புமின் ஏறிவிடாது. புரதம் எவ்வளவு போகிறது? கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சாப்பிடுவாரா?

ஈரோட்டுக்காரன்:
கேக் என்றால் சாப்பிடுவார். முட்டை என்றால் மாட்டார்.