கேட் வால்வு சுற்றுகிறது, தண்ணீர் நிற்கவில்லை

மதுரையில் எங்கள் வீடு 1996இல் கட்டியது. மொட்டைமாடியில் 1000 லிட்டர் தொட்டி. அதன் அடியில் ஓர் அங்குலப் பித்தளை கேட் வால்வு (கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ஒரு தகடு இறங்கித் தண்ணீரை அடைப்பது), பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். மூன்று நாட்களாகக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்றலாம் என்று மாடிக்குப் போய் வால்வை மூடினால், கைப்பிடி ராட்டினம் போலச் சுற்றுகிறது; இறுகவே இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன். கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஸ்பானரால் தண்டைத் திருப்பினேன். பச்சைக் களிம்பு விரலில் ஒட்டியதுதான் மிச்சம். குழாயை அறுத்துத்தான் வால்வை மாற்ற வேண்டும் என்கிறார் பிளம்பர். துருவேறிய அந்தக் குழாயில் ரம்பம் வைத்தால் எதுவரை உடையுமோ!

தொட்டியைக் காலி செய்துவிட்டு, குழாயை அறுக்காமல், வால்வின் தலைப்பகுதியைத் திறந்து தண்டையும் உள்தகட்டையும் மட்டும் மாற்ற முடியுமா?