‘செட்’ என்ற ஆங்கில வினைக்கு ஏன் இத்தனை பொருள்?

சொல்தேடி:
கடிகாரத்தை ‘செட்’ பண்ணுகிறோம். சூரியனும் ‘செட்’ ஆகிறது, சிமென்டும் ‘செட்’ ஆகிறது. கிளம்பினால் ‘செட் அவுட்’, வெடிக்க வைத்தால் ‘செட் ஆஃப்’. பொருட்களின் தொகுப்புக்கும் அதே சொல். எல்லாம் ஒரே வேரா? ‘வை’ என்று படித்து வைத்தால் பாதி இடங்களில் பொருந்தவில்லை. இறந்தகாலத்திலும் ‘செட்’ அப்படியே நிற்பது ஏன்?

வேர்மூலம்:
‘வை’யை விட்டுவிட்டு ‘இருத்து’ என்று பிடியுங்கள். ‘செட்’ என்பது ‘சிட்’ (அமர்) வினையின் பிறவினை. நமக்கு அமர்–அமர்த்து, வீழ்–வீழ்த்து, கிட–கிடத்து இருப்பதுபோல ஆங்கிலத்தின் மூதாதை மொழியிலும் ஒரு முறை இருந்தது. ‘சிட்’டின் இறந்தகால வடிவம் இன்று ‘சேட்’, அன்று அதில் இருந்தது அகரம். அதே அகரம் கொண்ட வடிவத்தோடு யகர ஒலி கொண்ட விகுதி சேரும். அந்த யகரம் முன்னுள்ள அகரத்தை எகரமாக இழுத்துவிடும். இப்படித்தான் ‘செட்’ பிறந்தது. ‘ஃபால்’ என்றால் வீழ், ‘ஃபெல்’ என்றால் (மரத்தை) வீழ்த்து. ‘டிரிங்க்’ குடி, ‘டிரெஞ்ச்’ குடிக்கச் செய். இன்று ‘நனை’ என்று பொருள் மாறிப்போன ‘டிரெஞ்ச்’, கால்நடைகளுக்கு மருந்து புகட்டுவதைக் குறிக்க இன்னமும் வழங்குகிறது.

வேர் இன்னும் ஆழமானது. உபநிடதம் என்ற சொல்லில் ‘அருகே கீழே அமர்தல்’ என்ற பொருள்தரும் ‘சத்’ இருக்கிறதே, அதுவும் இதுவும் உறவு. அடியில் அமரும் வண்டலான ‘செடிமென்ட்’டும் இந்தக் குடும்பம்தான்.

இறந்தகாலம்: பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’, அதன் இறந்தகாலம் ‘செட்டெ’. காலங்காட்டும் விகுதி வினையின் டகரத்தோடு கலந்துவிட்டது. பிற்பாடு கடைசி எகரமும் உதிர்ந்தது. ‘ஷட்’டுக்கும் இதே கதிதான்.

அகரமுதலி:
ஒரு திருத்தம். தொகுப்பைக் குறிக்கும் ‘செட்’ வேறு பிறப்பு. லத்தீன் ‘செக்டா’ (பின்பற்றுவோர் கூட்டம்) பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றாக இருந்ததால் வினையின் பொருளும் இதில் ஏறிக்கொண்டது. கணிதத்தின் கணம் இந்தப் பிரெஞ்சு வழி. நாடக மேடை ‘செட்’ மட்டும் வினையிலிருந்து வந்தது.

1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்த வினைதான்: ஏறக்குறைய 430 பொருள், 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புப் பணியில் ‘ரன்’ 645 பொருளோடு முந்திவிட்டது.

இலக்கணப்பலகை:
வாசிக்கும்போது முதலில் செயப்படுபொருள் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் சாய், இறுகு, உறை. இருந்தால் இருத்து, நிலைப்படுத்து, தீர்மானி: விலை, தேதி, விதி எல்லாம் இங்கே வரும். பின்னால் ‘இன்’, ‘ஆஃப்’, ‘அசைட்’ ஒட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே வினையாகப் படிக்க வேண்டும். ‘செட் இன்’ என்றால் பிடித்துக்கொள்வது. மழை, குளிர், தொற்று போல எளிதில் விடாதவற்றுக்கே அதிகம் வரும். ‘செட் அசைட்’ சாதாரணமாக ‘ஒதுக்கி வை’, நீதிமன்றத் தீர்ப்பு என்றால் ‘ரத்து செய்’.

எழுதும்போது ‘செட்டட்’ என்பது பிழை. ‘ஹி செட்ஸ்’ நிகழ்காலம், ‘ஹி செட்’ இறந்தகாலம். அந்த ஓர் ஸகரத்தை விட்டால் காலமே மாறிவிடும். ‘ஐ செட்’ என்னும்போது அந்த உதவியும் இல்லை, ‘நேற்று’, ‘தினமும்’ போன்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். ‘செட் அப்’ வினையானால் இரண்டு சொல், பெயரானால் ஒரே சொல்.

சொல்தேடி:
நன்றி. ஆனால் சூரியனை யாரும் இருத்துவதில்லையே, அது எப்படி?

வேர்மூலம்:
அங்கே ‘சிட்’டின் பொருள் கலந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் சூரியன் ‘தன் இருக்கைக்குப் போனது’ என்றே சொன்னார்கள். நம்முடைய ‘பொழுது அடைகிறது’ அதற்கு மிக நெருக்கம்.