வீட்டுக்கு சோஷியல் வொர்க்கர் வருகிறார்: இங்கிலாந்து கவுன்சிலில் யார் யார், யாரிடம் என்ன கேட்பது?

கேள்வி: அக்கா, நாங்கள் இங்கிலாந்து வந்து சில மாதம்தான் ஆகிறது. பையன் இயர் 2 படிக்கிறான். அவன் கையில் இருந்த காயத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சிக்கு, சொல்லிவிட்டார்கள். நாளைக்கு ஒரு சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வருகிறாராம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பதில்: முதலில் அந்தப் பயத்தைப் பேசி முடிப்போம், தம்பி. சோஷியல் வொர்க்கர் தானாக முடிவெடுத்துப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது. பெற்றோர் சம்மதம் இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். உடனடி ஆபத்து இருந்தால் போலீஸ் 72 மணி நேரம் வரை பிள்ளையைப் பாதுகாப்பில் வைக்கலாம். அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 1989-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் கையெழுத்து கேட்டால், பிள்ளையைக் கவுன்சில் பராமரிப்பில் விட நீங்களே சம்மதிக்கிறீர்கள் என்று அர்த்தம். வக்கீலிடம் பேசாமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இனி, யார் யார் என்று பார்ப்போம். பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார், டி.எஸ்.எல். என்பார்கள். காயத்தைப் பார்த்த டீச்சர் அவரிடம் சொல்லியிருப்பார், அவர் கவுன்சிலுக்குத் தெரிவித்திருப்பார். அது அவர்கள் கடமை, உங்கள் மேல் கோபம் இல்லை. அந்தத் தகவல் பெரும்பாலான கவுன்சில்களில் ‘மாஷ்’ என்ற பிரிவுக்குப் போகும். சோஷியல் வொர்க்கர், போலீஸ், மருத்துவத் துறை ஆட்கள் சேர்ந்து வேலை பார்க்கும் இடம் அது. அடுத்து என்ன செய்வது என்று ஒரு வேலை நாளுக்குள் அங்கே முடிவாக வேண்டும்.

நாளைக்கு வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “நீங்கள் சிறுவர் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வந்திருக்கிறீர்களா, 47-ஆவது பிரிவிலா?” இதைக் கேட்பதில் தப்பே இல்லை. 17 என்றால் குடும்பத்துக்கு உதவி தேவையா என்று பார்க்கிறார்கள், உங்கள் சம்மதத்தோடு நடப்பது அது. 47 என்றால் பிள்ளைக்குப் பெரிய தீங்கு நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் நடக்கும் விசாரணை, போலீஸும் கூட வரலாம். 47 என்று சொன்னால், பேச ஆரம்பிக்கும் முன்பே வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவாக இருந்தாலும் அவர் பையனைத் தனியாகப் பார்க்க விரும்புவார். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்து வைக்காதீர்கள். ஒப்பிக்கிற பிள்ளையை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு உண்மையையும் நம்ப மாட்டார்கள். காயம் எப்படி வந்ததோ அப்படியே சொல்லுங்கள்.

சோஷியல் வொர்க்கர் என்ற பட்டம் சட்டப்படி காக்கப்பட்டது. சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற அமைப்பில் பதிவு செய்தவர்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். வருபவர் பெயரை அவர்கள் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு மேலே ஒரு டீம் மேனேஜர் இருப்பார், பெரிய முடிவுகள் அவர் கையில். மனக்குறை இருந்தால் முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஃபேமிலி சப்போர்ட் வொர்க்கர் என்று இன்னொருவர் வரலாம். பிள்ளையைத் தூங்க வைக்கும் பழக்கம், நர்சரி, வீட்டு விண்ணப்பம் என்று கைகொடுப்பவர் அவர்தான். நம் ஆட்கள் அவரை உளவாளி மாதிரி பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவரிடம் சொல்வதும் பதிவாகும், அதை மனதில் வையுங்கள்.

விஷயம் பெரிதானால், 47-ஆவது பிரிவு விசாரணை வேண்டும் என்று அதிகாரிகள் முடிவெடுத்த கூட்டத்திலிருந்து 15 வேலை நாளுக்குள் சைல்டு ப்ரொடெக்‌ஷன் கான்ஃபரன்ஸ் நடக்கும். பிள்ளைக்குப் பாதுகாப்புத் திட்டம் வேண்டுமா என்று எல்லோரும் உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. அதை நடத்தும் தலைவர் (‘சேர்’ என்பார்கள்) உங்கள் கேஸைப் பார்ப்பவர் அல்ல, அந்த டீமுக்கு வெளியே இருப்பவர். சோஷியல் வொர்க்கர் எழுதும் ரிப்போர்ட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். தப்பாக எழுதியிருந்தால் எங்கே தப்பு என்று அந்தத் தலைவரிடம் சொல்லுங்கள். நிறையப் பேர் அந்த அறையில் வாயே திறக்காமல் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் அழுகிறார்கள்.

கோர்ட்டுக்குப் போகப்போகிறோம் என்று கவுன்சில் கடிதம் அனுப்பினால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெற்றோருக்கு லீகல் எய்ட், அதாவது அரசு செலவில் வக்கீல் உதவி, உண்டு. கவுன்சில் வக்கீல் கவுன்சிலுக்குத்தான் வக்கீல். கோர்ட்டில் பிள்ளைக்காகப் பேசும் கார்டியன், காஃப்காஸ் என்ற வேறு அமைப்பைச் சேர்ந்தவர்.

மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், ஆங்கிலம் ஓரளவு வந்தாலும் கேளுங்கள். காசு கிடையாது. மூத்த பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ பேச வைக்காதீர்கள். தமிழ்க் கூட்டம் சின்னது, வருபவருக்கு உங்கள் குடும்பத்தைத் தெரிந்திருக்கலாம் என்று தயக்கம் இருந்தால், வேறு ஊரிலிருந்து போனில் பேசுபவரைக் கேட்கலாம்.

கேள்வி: நான் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தன்னார்வமாகப் பாடம் எடுக்கிறேன். அங்கே ஒரு பெரியவர் மேல் பிள்ளைகள் புகார் சொன்னால் யாரிடம் போவது?

பதில்: கவுன்சிலில் ‘லாடோ’ என்ற அதிகாரி இருப்பார். பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் மேல் வரும் புகாருக்கென்றே இருப்பவர், தன்னார்வலர்களும் அதில் அடக்கம். உங்கள் பள்ளி ஒரு வேலை நாளுக்குள் அவரிடம் சொல்ல வேண்டும். கமிட்டி கூடிப் பேசி, சம்பந்தப்பட்டவரை மெதுவாக விலகச் சொல்லி முடித்துவிடுவது நம்மிடம் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். உடனே ஆபத்து என்றால் போலீஸுக்கு 999-இல் போன் பண்ணுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவருமே நைட் ஷிஃப்ட். இரண்டு மாதத்துக்கு மகளை என் கணவரின் நண்பர் வீட்டில் விடலாமா?

பதில்: விடலாம், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, நெருங்கிய சொந்தம் அல்லாதவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ப்ரைவேட் ஃபாஸ்டரிங். கவுன்சிலுக்கு 6 வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். தாத்தா பாட்டி, உங்கள் கூடப்பிறந்தவர்கள் என்றால் இந்த விதி இல்லை. உங்கள் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சோஷியல் வொர்க்கர் வந்து வீட்டைப் பார்ப்பார், மகளிடம் பேசுவார். விசா பற்றிக் கவலைப்பட்டீர்கள் என்றால், 17-ஆவது பிரிவில் கிடைக்கும் உதவி, பப்ளிக் ஃபண்ட்ஸ் (பல விசாக்களில் வாங்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட அரசு உதவிகள்) பட்டியலில் வராது.