மோட்டார்ஹோம் கூரை ஏசி மாற்றிய பிறகு மழைநீர் ஒழுகுகிறது

நண்பர்களே, எங்கள் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) பழைய கூரை ஏசியைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்தினோம். குளிர் அருமை, ஆனால் மழை பெய்தால் உள்ளே சொட்டுகிறது. இருப்பது அமெரிக்காவின் ஃபீனிக்ஸில், இப்போது மழைக்காலம் வேறு, உள்கூரைப் பலகை ஊறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வண்டி 2006 மாடல், கிளாஸ் சி (வேன் அடித்தளத்தில் கட்டிய நடுத்தர வகை), ரப்பர் கூரை. ஏசியின் குளிரூட்டும் திறன் 13,500 பிடியூ, வழக்கமான 14 அங்குலச் சதுரத் திறப்பு. மாற்றியது ஜூன் மாதம். வெயிலில் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு சொட்டு இல்லை, அதனால் இது ஏசியில் வடியும் தண்ணீர் இல்லை. மழை விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் முன்பக்க இடது போல்ட் வழியாக வருகிறது.

நான்கு போல்ட்டையும் சீராக இறுக்கியாயிற்று, கேஸ்கெட் (ஏசிக்கும் கூரைக்கும் நடுவே நீர் புகாமல் தடுக்கும் பட்டை) அரை அங்குலத்துக்கு அமுங்கியிருக்கிறது. பக்கத்து வென்ட், ஆன்டெனா அடியிலெல்லாம் புது சீலன்ட் வைத்தேன். ஏசியைச் சுற்றி சிலிக்கான் பூசச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏசித் தண்ணீர் வெளியே போக வழி வேண்டுமே. அப்புறம், ஏசி கனத்தில் கூரை குழிந்து சுற்றிலும் தண்ணீர் தேங்குகிறது.

புது கேஸ்கெட் மட்டும் போட்டால் போதுமா, இல்லை ஏசியை இறக்கி, திறப்பைச் சுற்றிக் கட்டை கொடுத்துக் கூரையை நிமிர்த்திய பிறகுதான் பொருத்த வேண்டுமா?