புகையை அளக்க வந்தவர்கள்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

கோமுகிக்கரை

விறகுக்குப் பதில் எரிவாயுவில் சமைத்தால் தாய்க்கும் பிறக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு பலன் என்று பார்க்க நான்கு நாடுகளில் ஓர் அடுப்பு ஆய்வு நடந்தது. அது கள்ளக்குறிச்சிப் பக்கம் நடந்தபோது எங்கள் வீடும் அதில் இருந்தது. அண்ணி கர்ப்பமாக இருந்ததால் அவரையும், வீட்டின் மூத்த பெண் என்பதால் அம்மாவையும் சேர்த்துக்கொண்டார்கள். குலுக்கலில் எங்களுக்கு எரிவாயு அடுப்பு கிடைக்கவில்லை. வழக்கம்போல் விறகிலேயே சமைக்கும் பிரிவில் வைத்தார்கள். மற்ற விவரங்கள் உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால், இன்றும் என் மனத்தை விட்டு நீங்காத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்த பெண், பட்டையைக் கையில் சுற்றிவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னார். அம்மாவோ, "புகை கெடுதல்னு தெரிஞ்சுதானே அளக்குறீங்க, அப்புறம் எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்மா அடுப்பு இல்ல?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் சிரித்து மழுப்பவில்லை. "குடுக்குற அதிகாரம் எனக்கு இல்லம்மா. பாதி வீட்டுக்குக் குடுத்து, பாதி வீட்டுக்குக் குடுக்காமப் பார்த்தாத்தான் பிள்ளைக்கு எவ்வளவு பலன்னு உறுதியாச் சொல்ல முடியும். இப்போதைக்கு இது உங்களுக்குக் குறைதான்" என்றார். பேசியதால் அழுத்தம் ஏறியிருக்கும் என்று சொல்லி, பட்டையைத் தளர்த்தி, மறுபடியும் ஐந்து நிமிடம் காத்திருந்து அளந்தார். அடுத்தடுத்த வருகைகளிலும் அம்மா அதே கேள்வியைக் கேட்டார்; அவரும் அதே பதிலைச் சொன்னார். மேலதிகாரியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்ற பொய்யான ஆறுதலை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்த ஏற்பாடு நியாயமானதா என்ற கேள்விக்கு எனக்குள் இன்னும் விடை கிடைக்கவில்லை.

நுண்தராசு

கோமுகிக்கரை அவர்களுக்கு: இத்தகைய ஆய்வுகளில் உங்கள் அண்ணியைப் போன்ற பெண்கள், சுவாசிக்கும் காற்றை அளக்க உடலில் ஒரு சிறு கருவியை அணிவார்கள். அதற்குள் துகளைப் பிடிக்கும் வடிதாளை எடை போடும் வேலையைச் சில காலம் வேறோர் ஆய்வுக்கூடத்தில் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வடிதாள் வெளியே போவதற்கு முன்பும் திரும்பி வந்த பின்பும், வெப்பமும் ஈரப்பதமும் மாறாத அறையில் ஒரு நாள் வைத்திருந்து, ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் எடை போடுவோம். அந்த இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான், அந்த ஒரு நாளில் கருவியை அணிந்த பெண்ணைச் சுற்றியிருந்த காற்றின் நுண்துகள். பெயர் கிடையாது, எண் மட்டுமே இருக்கும். ஒருநாள் அடுத்தடுத்த எண்கொண்ட இரண்டு பெட்டிகளைத் திறந்தேன். ஒன்றில் வடிதாள் ஏறக்குறைய அனுப்பிய நிறத்திலேயே இருந்தது. மற்றதில் நடுவே கன்னங்கரேலென்று ஒரு வட்டம். இரண்டுமே இருபத்துநான்கு மணி நேரத்துச் சேகரிப்பு, இரண்டுமே ஒரே ஊர். அந்தக் கறுப்பு வட்டத்தைப் பிடித்திருந்த இடுக்கியை உடனே கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த அளவுகள் எல்லாம் எங்கிருந்தோ வந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மேல் கருவியை மாட்டி அளந்தவர் கிர்க் ஸ்மித் என்ற ஆய்வாளர். 2020இல் மறையும் வரை அவருடைய அக்கறை சமையலறையை விட்டு விலகவில்லை. தமிழ்நாட்டில் சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நலப் பொறியியல் துறையில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகு எரியும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை துகள் இருந்தது. சமைப்பவரின் அன்றாடச் சராசரி, சமைக்காதவருடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே கூரையின் கீழ் வாழும் கணவனும் மனைவியும் வேறு வேறு காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதை ஊகமாக அல்லாமல் எண்ணாக நம் கையில் கொடுத்தவர்கள் அவர்கள். நியாயத்தைப் பற்றிய உங்கள் கேள்வியை அந்த எண் தீர்த்துவைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண் இல்லாத காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஆள் இல்லை.

வெண்ணாற்றுப் பாசனம்

மேலே எழுதிய இருவரிடமும் எனக்கு மாறுபாடு உண்டு. அளப்பவர்களின் பொறுமையையும் நேர்மையையும் மட்டும் பேசிவிட்டு, அளந்தபின் நடந்ததைப் பேசாமல் விடக் கூடாது.

எங்கள் ஊருக்கும் ஒரு குழு வந்தது. எந்த நிறுவனம் என்பதை எழுத மாட்டேன். நீங்கள் குறிப்பிடும் குழு அல்ல. என் பெரியம்மாவை ஊதச் சொல்லி நுரையீரல் அளவு பார்த்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள், அடையாள எண் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். முடிவைச் சொல்ல வருவோம் என்றார்கள். யாரும் வரவில்லை. பெரியம்மா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, பட்டாவும் குடும்ப அட்டையும் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல் அந்தச் சீட்டும் இருந்தது. தன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள் யாரோ வந்து சொல்லப்போகிறார்கள் என்று அவர் கடைசிவரை நம்பியிருக்கிறார். ஆய்வுக்குப் போனவர்களுக்கு அவர் ஓர் எண். அவருக்கு அந்தச் சீட்டு ஒரு வாக்குறுதி.

அந்த நான்கு நாட்டு ஆய்வின் முடிவையும் பாருங்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். தாய் சுவாசித்த நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றுக்கு, விறகு வீடுகளில் சுமார் 71 மைக்ரோகிராம்; எரிவாயு பெற்ற வீடுகளில் 24 ஆகக் குறைந்திருந்தது. ஆயினும் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை எரிவாயு வீடுகளில் 2,921 கிராம், விறகு வீடுகளில் 2,898 கிராம். வித்தியாசம் இருப்பதாகச் சொல்லத்தக்க அளவு அல்ல என்று 2022இல் அறிவித்தார்கள். அப்படியானால் கோமுகிக்கரை அவர்களின் தாயார் கேட்ட கேள்விக்கு இன்று என்ன பதில் இருக்கிறது?

ஊர்ச் செவிலி

வெண்ணாற்றுப் பாசனம் அவர்களே, எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்பதை மறைக்காமல் அச்சிட்டதையும் நீங்கள் அவர்களுடைய கணக்கில் வரவு வைக்க வேண்டும். வித்தியாசம் தெரியவில்லை என்பதற்குப் புகை தீங்கற்றது என்று பொருள் அல்ல. மேலே சொன்ன கல்பனா பாலகிருஷ்ணனின் சென்னைக் குழுவினர் தமிழ்நாட்டில் 1,285 தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து, நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடையில் 4 கிராம் குறைவதாக 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். நான்கு கிராம் சிறிதுதான். ஆனால் எடைக்குறைவு என்று கணக்கிடும் எல்லையான 2,500 கிராமின் விளிம்பில் நிற்கும் குழந்தைக்குச் சிறிதும் கணக்கில் வரும்.

நான் கண்டது ஒன்றே. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு பிறந்த குழந்தையை எடை போட, அடைமழையில் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒரு தம்பி வந்து சேர்ந்தார். எங்கள் தராசை ஏற்காமல் தம்முடையதை உறையிலிருந்து எடுத்து, தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். குழந்தையைச் சுற்றியிருந்த துணியை முழுவதும் நீக்கிவிட்டு, கையைத் தம் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகே தூக்கினார். எடை போட்டு எடுத்து, மீண்டும் வைத்து எடை போட்டார். நாங்கள் அவசரத்தில் துணியோடு வைத்துத் தோராயமாகக் கழித்து எழுதுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தக் காட்சி பெரிய பாடமாக இருந்தது.

இதைப் படிக்கும் வீடுகளுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். எரிவாயு உருளை வாங்க முடியாத மாதங்களில் விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள். ஈர விறகுதான் அதிகம் புகையும். அடுப்பு எரியும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். மாமியாரிடமோ நாத்தனாரிடமோ கொடுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்துவையுங்கள். முடிந்தால் அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறையைப் போட்டு அடுப்புப் பற்றவைக்கும் வழக்கத்தை இன்றே விடுங்கள். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை 180 நாளும் தவறாமல் சாப்பிட வேண்டும். குழந்தையின் எடை குறைவதற்கு இரத்தசோகையும், அடுத்தடுத்த பிரசவமும் காரணங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள். பீடி தொடாத பெண்ணுக்கும் விறகுப் புகையால் மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வரும். அதை வயதாகிவிட்டது என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தர 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கி, மறு உருளை வாங்காமல் வைத்திருப்பவர்கள் மானியம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று வங்கியில் விசாரியுங்கள்.

கோமுகிக்கரை

செவிலி அவர்களின் அக்கறைக்கு நன்றி. ஆனால் நான் ஆலோசனை கேட்கவில்லை. காய்ந்த விறகு எதுவென்று என் அம்மாவுக்குத் தெரியும். மரவள்ளிக் குச்சியும் மக்காச்சோளக் கதிர்க்கட்டையும் விலையில்லாமல் கிடைக்கும்போது, 14.2 கிலோ உருளைக்கு யார் பணம் கட்டுவது என்பதுதான் எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு.

வேதாரண்யம் சாலை

நாகை மாவட்டத்தில் இந்த அடுப்பு ஆய்வுக்குக் களப்பணி செய்தவள் நான். வெண்ணாற்றுப் பாசனம் அவர்களின் பெரியம்மா வைத்திருந்த சீட்டைப் பற்றிப் படித்தது முதல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முடிவைச் சொல்லப் போகாதவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. நான் இருந்த குழுவில், அளவு மிகுதியாக இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பும் வரை படிவத்தை மூட விட மாட்டார்கள். எல்லா இடங்களிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் எழுத வந்தது 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிந்திய நாட்களைப் பற்றி. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அடுப்பெரிக்க மரம் எங்கு பார்த்தாலும் குவிந்து கிடந்தது, விலையும் இல்லை. எரிவாயு அடுப்பு பெற்ற வீடுகள் மறுபடியும் விறகுக்குத் திரும்பிவிடும் என்று எங்களில் சிலர் கவலைப்பட்டோம். சாலையில் கிடந்த மரங்களைத் தாண்டி நடந்து ஒரு வீட்டை அடைந்தபோது, கூரையில் பாதி இல்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான அந்தத் தங்கை, கிழிந்த தார்ப்பாயின் கீழ் எங்கள் அடுப்பை வைத்துப் பெரிய குண்டானில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். சுற்றிலும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் தட்டுடன் நின்றார்கள். "எல்லா விறகும் ஊறிக்கிடக்குக்கா, இந்தத் தெருவுல பத்துனது இது ஒண்ணுதான்" என்றார். என்னையும் உட்கார்த்திவைத்து ஊற்றிக் கொடுத்தார்.

படிவத்தில் கடந்த வாரம் எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள் என்ற இடத்தில் வீட்டு உறுப்பினர் எண்ணிக்கைக்குத்தான் கட்டம் இருந்தது. குறிப்புப் பகுதியில் தெரு முழுவதற்கும் என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அதை அடிக்கவில்லை, தனித் தாளில் விரிவாக எழுதித் தரச் சொன்னார். அந்தத் தங்கைக்கு உருளை வழக்கத்தைவிட முன்னதாகத் தீர்ந்தது. அடுத்த உருளையை அனுப்பும்போது ஏன் தீர்ந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வெண்ணாற்றுப் பாசனம் அவர்களே, பெரியம்மாவின் சீட்டில் அந்த அடையாள எண் இன்னும் படிக்கும்படி இருந்தால், அதை வைத்து அந்த நிறுவனத்தின் அறநெறிக் குழுவுக்கு எழுதுங்கள். ஒப்புதல் படிவத்தின் நகல் இருந்தால் அதில் முகவரி இருக்கும். வாரிசு என்ற முறையில் முடிவைக் கேட்கிறேன் என்று எழுதினால் போதும். கடிதம் எழுதுவதில் உதவி தேவைப்பட்டால் நான் எழுதித் தருகிறேன்.