ஓஎம்ஆர் போர் தண்ணீரில் கண்ணாடி கழுவ: ஆர்ஓ போதுமா, ரெசினும் வேண்டுமா?

பெருங்குடி_பளபளப்பு கேட்டது:

வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் நாலு மாடி வரை உள்ள ஆபீஸ், அபார்ட்மென்ட் கண்ணாடி துடைக்கும் வேலை செய்கிறோம். இப்போது ஏணி, கயிறு, வைப்பர். இனி கீழே நின்றபடியே கார்பன் ஃபைபர் கம்பும் பிரஷும் வைத்துக் கழுவி, துடைக்காமலே காயவிடும் முறைக்கு மாறப் போகிறோம். இரண்டு கம்பு ஓடும். நாளைக்கு ஏறத்தாழ 1000 லிட்டர் சுத்தத் தண்ணீர் தேவைப்படும்.

குடோனில் இருப்பது போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1400. டேங்கர் லாரியில் வாங்கினால் டிடிஎஸ் ஒரு நாள் 500, மறுநாள் 900. மெட்ரோ வாட்டர் இணைப்பு இல்லை.

வீட்டு ஆர்ஓ (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வால் உப்பைத் தடுக்கும் கருவி) நாலைந்தை வரிசையாக மாட்டினால் ஆகாதா? உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் நிரப்பிய சிலிண்டர் மட்டும் போதும், ஆர்ஓவே வேண்டாம் என்கிறார் ஒருவர். கேன் தண்ணீர் பிளான்ட் போடுபவரோ, "நம்ம மணிக்கு 250 லிட்டர் ஆர்ஓ பிளான்ட்டே போதும், ரெசின் எதுக்கு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பிளான்ட்டை அப்படியே வண்டியில் ஏற்றிவிடலாமா?

சவ்வூடு_சாமி:

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

துடைக்காமல் காயவிடுவதென்றால் பிரஷில் வரும் தண்ணீரின் டிடிஎஸ் 10 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) இருக்க வேண்டும். 20ஐத் தாண்டினால் கறுப்புக் கண்ணாடியில் புள்ளி தெரிய ஆரம்பிக்கும். மிக்ஸட் பெட் ரெசின் (கேட்டயான், அனயான் என்ற இரண்டு வகை ரெசினின் கலவை) ஒரு லிட்டர், நடைமுறையில் சுமார் 20 கிராம் உப்பைப் பிடிக்கும். 25 லிட்டர் மூட்டை ஒன்றுக்கு 500 கிராம். உங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 1.4 கிராம் உப்பு இருக்கிறது. ஆக ஒரு மூட்டையில் 350 லிட்டர்தான் கிடைக்கும், நாளைக்கு மூன்று மூட்டை காலி. ரெசின் மட்டும் என்ற பேச்சு உங்கள் தண்ணீரில் எடுபடாது.

ஆர்ஓ மட்டும் என்பதும் சரிப்படாது. 98 சதவீதம் உப்பைத் தள்ளும் மெம்பிரேன் என்றாலும், பாதித் தண்ணீரை எடுத்துப் பாதியை வெளியே விடும்போது மெம்பிரேனுக்குள் நிற்கும் தண்ணீரின் சராசரி உப்பு 2100 ஆகிவிடும். அதில் 2 சதவீதம் நழுவினால் 42. குடிக்க அமிர்தம், கண்ணாடிக்குப் புள்ளி. ஆனால் அதே 42ஐ ரெசின் வழியாக விட்டால் ஒரு மூட்டை ஏறத்தாழ 12,000 லிட்டர் வரை வரும். ஆர்ஓ பெரும்பங்கை எடுக்கும், மிச்சத்தை ரெசின் முடிக்கும்.

வீட்டு ஆர்ஓவை மறந்துவிடுங்கள். 75 ஜிபிடி (நாளைக்கு 75 கேலன்) மெம்பிரேன் மணிக்கு 12 லிட்டர் தரும். ஐந்து மாட்டினாலும் 1000 லிட்டருக்கு 17 மணி நேரம். போதாததற்கு, அவற்றில் பலதிலும் ருசிக்காகக் கொஞ்சம் கச்சாத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் அட்ஜஸ்டர் இருக்கும். கேன் பிளான்ட்காரர் தரும் பிளான்ட்டிலும் அந்தக் கலப்பு வால்வும் மினரல் கேட்ரிட்ஜும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் போகும் வரிசையிலேயே சொல்கிறேன். 1000 லிட்டர் கச்சாத் தொட்டி, மணிக்கு 500 லிட்டருக்கு மேல் 2.5 பாரில் தள்ளும் ஃபீட் பம்ப், 10க்கு 54 இன்ச் மணல் ஃபில்டர், அதே அளவில் கார்பன் ஃபில்டர், ஆன்டிஸ்கேலன்ட் (மெம்பிரேனில் உப்பு படியாமல் தடுக்கும் மருந்து) டோசிங், 20 இன்ச் ஹவுசிங்கில் 5 மைக்ரான் ஸ்பன் (இழை ஃபில்டர்), ஹை பிரஷர் பம்ப், ஒரு 4040 (4 இன்ச் விட்டம், 40 இன்ச் நீளம்) மெம்பிரேன். பம்ப் வறண்டு ஓடாமல் இருக்க அதற்கு முன்னால் லோ பிரஷர் சுவிட்ச் கட்டாயம். சாதாரண 4040 பிராக்கிஷ் (உவர் தண்ணீருக்கான) மெம்பிரேன் 15.5 பாரில், 25 டிகிரியில் மணிக்கு 380 லிட்டர் தரும் என்று அதன் தாளில் போட்டிருக்கும். உங்கள் தண்ணீரை 10 பாரில் ஓட்டினால் 230 முதல் 260 வரை எதிர்பார்க்கலாம். நாலு மணி நேர ஓட்டத்தில் அன்றைய தேவை முடிந்தது.

இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். தண்ணீர் வீணாகிறதே என்று ரிஜெக்ட் (உப்போடு வெளியே போகும் தண்ணீர்) வால்வைத் திருகித் திருகி மூடுவது. 4040 மெம்பிரேனின் உள்ளே, வெளியேறும் முனையில் மணிக்கு 700 லிட்டராவது ஓட வேண்டும். ஓட்டம் குறைந்தால் கால்சியமும் சிலிக்காவும் அங்கேயே படிந்து கெட்டியாகும். அதனால் மூன்று ரோட்டாமீட்டர் (மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டுவது) கேளுங்கள்: சுத்தத் தண்ணீர் 250, வடிகாலுக்குப் போகும் ரிஜெக்ட் 250, ஹை பிரஷர் பம்ப் வாய்க்கே திரும்பும் சுழற்சி 450. பம்ப் மொத்தம் 950 லிட்டர் தள்ள வேண்டும். சுழற்சிக் குழாய் இல்லாமல் 50 சதவீதம் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

ஆன்டிஸ்கேலன்ட்: ஃபீட் மணிக்கு 500 லிட்டர், லிட்டருக்கு 4 மில்லிகிராம் வீதம் மணிக்கு 2 கிராம். டோசிங் பம்ப்பை மணிக்கு அரை லிட்டரில் வைத்தால் 20 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 80 கிராம் கலக்க வேண்டும். அது 40 மணி நேர ஓட்டத்துக்கு, அதாவது பத்து நாளைக்கு வரும். அதற்கு மேல் கலந்து வைத்தால் வழவழவென்று பாசி பிடிக்கும். சரியான அளவு எவ்வளவு என்பதை, தண்ணீர் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து விற்பவரே சொல்ல வேண்டும்.

டேங்கர் தண்ணீர் கலந்தால் குளோரினைக் கவனியுங்கள். சில லாரியில் பிளீச்சிங் பவுடர் அள்ளிப் போட்டிருப்பார்கள். மெம்பிரேன் குளோரினைத் தாங்காது. ஒரே நாளில் சாகாது, சில மாதங்களில் டிடிஎஸ் மெல்ல ஏறி 42 என்பது 80, 100 என்று நிற்கும். அப்புறம் கழுவினாலும் திரும்பாது. கார்பன் ஃபில்டரில் இருந்து வரும் தண்ணீரில் வாரம் ஒரு முறை ஓடி (ஆர்த்தோடோலிடின், குளோரின் சோதிக்கும் மருந்து) சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் துளிகூடத் தெரியக் கூடாது.

கோவை_வைப்பர்:

சாமி சொன்னது ஓஎம்ஆருக்குச் சரிங்க. ஆனா எல்லா ஊருக்கும் இதே கணக்குன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி வர்ற ஏரியாவுல உப்பு ரொம்பக் குறைச்சல். மீட்டர்ல 60ன்னு வச்சுக்கிட்டாலும் ஒரு மூட்டை ரெசின் 8000 லிட்டர் ஓடும். அங்க ஆர்ஓ, பம்ப், மருந்து எதுவும் வேண்டாங்க, 5 மைக்ரான் ஸ்பன்னும் ரெசினும் போதும். கமர்ஷியல் கனெக்ஷனா இருக்கணும், அவ்வளவுதான். அதே தெருவுல போர் தண்ணின்னா 1000க்கு மேல போகும், அப்ப மறுபடி ஆர்ஓதான்.

ரெசின் நிரப்புறதப் பத்திச் சொல்லிடறேன். 8க்கு 44 இன்ச் எஃப்ஆர்பி (ஃபைபர்) வெசல் ரெண்டு வாங்கி வரிசையா மாட்டுங்க, ஒண்ணுல 25 லிட்டர். நடுக்குழாய் வாயை டேப் போட்டு மூடிட்டுத்தான் ரெசின் கொட்டணும், உள்ள விழுந்தா மறுமுனையில பிரஷ் ஜெட்ல போய் அடைக்கும். கொட்டினதும் தண்ணி ஊத்திக் காத்தை வெளியேத்துங்க. காத்துக் குமிழ் நின்னா தண்ணி ஒரே ஓட்டை வழியா ஓடி, பாதி ரெசின் தொடாமலே கிடக்கும். இதைப் பேக்வாஷ் (கீழிருந்து மேல தண்ணி விட்டு அலசறது) மட்டும் பண்ணிடாதீங்க. மணல் ஃபில்டர் மாதிரி நினைச்சு மல்டிபோர்ட் வால்வு வச்சுத் தர்றவங்க இருக்காங்க. பேக்வாஷ் பண்ணினா கனமான கேட்டயான் கீழயும் லேசான அனயான் மேலயும் பிரிஞ்சுடும், மிக்ஸட் பெட்டுக்கு அர்த்தமே போயிடும்.

முதல் வெசலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஒரு மீட்டர். அங்க 10 காட்டுனா முதல் வெசலைக் கழட்டி, ரெண்டாவதை முன்னால கொண்டு வந்து, புது ரெசின் போட்டதைப் பின்னால மாட்டுங்க. மீன் வாடை அடிச்சா அனயான் ரெசின் முடியப் போகுதுன்னு பெரும்பாலும் அர்த்தங்க. முடிஞ்ச ரெசினை இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம்னு விட்டா, பிடிச்ச உப்பையே திரும்பக் கக்கும். உள்ள போறதைவிட வெளிய வர்ற டிடிஎஸ் கூடுதலா இருக்கும்.

ஆசிடும் காஸ்டிக்கும் வாங்கி, முடிஞ்ச ரெசினைக் குடோன்லயே ரீஜெனரேட் பண்ற (மறுபடி வேலை செய்ய வைக்கற) யோசனை இருந்தா விட்டுடுங்க. ரெண்டு ரெசினையும் பிரிச்சு, தனித்தனியா மருந்து விட்டு, மறுபடி கலக்கணும். அது வேற தொழில்.

மீட்டர்_பொய்:

மேலே சொன்ன 12,000 லிட்டர் கணக்கு கொஞ்சம் தாராளம். டிடிஎஸ் மீட்டர் இரண்டு சரக்கைக் காட்டாது, இரண்டுமே ரெசினைத் தின்பவை.

ஒன்று கார்பன் டை ஆக்சைடு. அது வாயு, மெம்பிரேன் தடுக்காது. போர் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருந்தால் அனயான் ரெசினுக்கு வேலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். 12 நாள் என்று நினைத்த மூட்டை 7 அல்லது 8 நாளில் முடியும். பரிகாரம் எளிது. ஆர்ஓவில் இருந்து நேராக ரெசினுக்குக் குழாய் போடாதீர்கள். மூடியில் காற்றுத் துளை உள்ள தொட்டிக்குள் ஷவர் போல மேலிருந்து விழவிடுங்கள், வாயுவில் ஒரு பகுதி பறந்துவிடும். வண்டிக்கு ஏற்றும்போது சின்ன பம்ப் வைத்து ரெசின் வழியாக அனுப்புங்கள். 25 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 400 முதல் 1000 லிட்டர் வேகம் சரி.

இரண்டாவது சிலிக்கா. ரெசின் கடைசியாகப் பிடிப்பதும் முதலில் விடுவதும் அதைத்தான். மீட்டர் இன்னும் 1, 2 என்று காட்டும்போதே சிலிக்கா கசியத் தொடங்கியிருக்கும். முதல் வெசல் விடுவதைப் பிடிக்கத்தான் இரண்டாவது வெசல். காய்ந்த புள்ளி வினிகரில் கரைந்தால் கால்சியம். கரையாவிட்டால் சிலிக்கா என்று சந்தேகப்படுங்கள்.

பிளான்ட் வாங்கும் முன் ரிப்போர்ட் எடுத்துவிடுங்கள்: கடினத்தன்மை, காரத்தன்மை, பிஎச், இரும்பு, சிலிக்கா. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன, தனியார் ஆய்வகமும் போதும். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் மெம்பிரேனுக்கு முன்னால் இரும்பு ஃபில்டர் தனியாக வேண்டும். போரில் இருந்து தெளிவாக வந்த தண்ணீர் வாளியில் சில மணி நேரத்தில் பழுப்பாகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, கோடை. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் 38 டிகிரிக்குப் போகும். மெம்பிரேனில் ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம் தண்ணீர் கூடும், உப்பும் அதோடு சேர்ந்து கூடுதலாக நழுவும். மே மாதம் 42 என்பது 60 ஆனால் மெம்பிரேன் போச்சென்று மாற்றக் கிளம்பாதீர்கள். தொட்டியை நிழலுக்குக் கொண்டு வாருங்கள்.

பெருங்குடி_பளபளப்பு:

ரொம்ப நன்றி. காலையில் ஆன் செய்ததும் வரும் தண்ணீரையும் ரெசினுக்கு விடலாமா? வண்டி விஷயம் யாரும் சொல்லவில்லையே.

சவ்வூடு_சாமி:

விடக் கூடாது. பிளான்ட் நிற்கும்போது மெம்பிரேனின் உப்புப் பக்கத்தில் இருந்து சுத்தப் பக்கத்துக்கு உப்பு ஊறும். முதல் ஐந்து நிமிடம் 200, 300 கூடக் காட்டும். ஒரு மூன்று வழி வால்வு வைத்து அதைக் கச்சாத் தொட்டிக்கே திருப்புங்கள். புது மெம்பிரேன் என்றால் உள்ளே கெடாமல் இருக்க மருந்து இருக்கும், முதல் ஒரு மணி நேரத் தண்ணீர் முழுவதும் வடிகாலுக்கு. சில நாள் வேலை இல்லையென்றாலும் இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டிவிடுங்கள். மெம்பிரேன் காய்ந்தால் தண்ணீர் விடாது.

பிளான்ட்டை வண்டியில் ஏற்ற வேண்டாம். ஆடும், வெயிலில் வேகும், போகும் இடத்தில் எல்லாம் மணிக்கு 250 லிட்டர் ரிஜெக்ட்டை எங்கே விடுவீர்கள்? குடோனில் இரவே தயாரித்துக்கொண்டு வண்டியில் தொட்டி மட்டும் போதும். டாடா ஏஸ் என்றால் 500 லிட்டரோடு நிறுத்துங்கள். 500 லிட்டர் அரை டன், மேலே தொட்டி, ஹோஸ் ரீல், கம்பு, ஆட்கள். மதியம் ஒரு முறை திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால், பாதி காலியானதும் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியை இழுக்கும். தொட்டி கறுப்பு நிறத்தில், வெளிச்சம் புகாத பிளாஸ்டிக். ரெசினுக்குப் பின்னால் ஜிஐ, பித்தளை, செம்பு எதுவும் வேண்டாம், சுத்தத் தண்ணீர் அவற்றை அரிக்கும். 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், கம்புக்கு ஒன்று, நிமிடத்துக்கு 2 லிட்டர் போல வேகக் கட்டுப்பாட்டோடு.

நாவலூர்_ஜன்னல்:

இடையில் ஒரு சந்தேகம். மீட்டரில் 0 வருகிறது, ஆனாலும் சில ஜன்னலில் மேலிருந்து கோடு கோடாக வழிந்த தடம் நிற்கிறது. ரெசினை மாற்ற வேண்டுமா?

மீட்டர்_பொய்:

எல்லா ஜன்னலிலும் வந்தால் தண்ணீர், சிலதில் மட்டும் மேலிருந்து வந்தால் ஃபிரேம். மேல் சட்டத்தின் இடுக்கில் தூசி, பழைய அலுமினியத்தின் வெள்ளைப் பொடி, கிழிந்த ரப்பர் காஸ்கெட் எதிலாவது அழுக்கு தங்கி, நீங்கள் நகர்ந்த பிறகு மெல்லச் சொட்டும். கண்ணாடியைத் தொடும் முன்பே மேல் சட்டத்தை முழுவதும் தேய்த்து அலசிவிட்டு, அடுத்த ஜன்னலின் சட்டத்துக்குப் போங்கள். சொட்டு நின்ற பிறகு திரும்பி வந்து கண்ணாடியைக் கழுவுங்கள். கடைசி அலசல் பிரஷைக் கண்ணாடியை விட்டுத் தூக்கிப் பிடித்து. மேற்கு வெயில் நேராக அடிக்கும் பக்கத்தை மாலை மூன்று மணிக்கு எடுக்காதீர்கள், அலசி முடிப்பதற்குள் அழுக்கோடு காய்ந்துவிடும்.

பல வருடமாக உப்புத் தண்ணீர் பட்டு வெள்ளையாகிப் போன கண்ணாடி, சிமென்ட் தெறித்த கண்ணாடி இவை இந்த முறையில் தெளியாது. அதற்கு ஆசிட் கலந்த கறை நீக்கியோ சீரியம் ஆக்சைடு பாலிஷோ தனி வேலை, தனி ரேட். ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

கோவை_வைப்பர்:

ரிஜெக்ட் தண்ணிக்கு ஒரு வார்த்தைங்க. 2800 டிடிஎஸ்ல வரும். கக்கூஸ் ஃப்ளஷுக்கும் குடோன் தரை கழுவவும் ஆகும். செடிக்கு ஊத்தாதீங்க, போருக்குள்ள திருப்பியும் விடாதீங்க, அப்புறம் 1400 இருக்கறது கூடிக்கிட்டே போகும்.