கார் பிரேக்கில் உள் பேட் தேய்ந்ததைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தேவனாம்பட்டினம்:
கடற்கரை பக்கத்திலேயே வீடு. கார் ஓடுவதைவிட உப்புக்காற்றில் நிற்பதுதான் அதிகம். பிரேக் மிதித்தால் முன் இடது சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வந்தது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பவைதான் பேடுகள். ரிம் இடுக்கில் பார்த்தால் வெளிப் பேடில் பாதிக்கு மேல் சரக்கு இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். உள் பேடில் வெறும் இரும்புத் தகடுதான்!

பேடுகளை அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர உதவும் கம்பியான ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. பேடைத் தள்ளும் பிஸ்டன் இருப்பது உள்பக்கம். ஸ்லைடு பின்னில் வழுக்கி காலிப்பர் நகர்ந்தால்தான் வெளிப் பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும். நகராததால் மொத்தச் சுமையும் உள் பேட் தலையில். பேட் 3 மி.மீ. அளவுக்கு வந்தாலே மாற்ற வேண்டும் என்பார்கள். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் கணக்கு நம் ஊருக்கு உதவாது.

டிஸ்க்கில் ஆழமாக வரி விழுந்துவிட்டது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்தால் அதற்கும் கீழே. லேத்தில் சீவிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஏற்கெனவே மெலிந்ததை இன்னும் சீவினால் சூடு தாங்காது. முன்பக்கம் இரண்டு டிஸ்க், இரண்டு பக்கப் பேடு எல்லாமே புதிது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஸ்லைடு பின்னுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போட்டார். சாதாரண கிரீஸ் போட்டால் பின்னை மூடும் ரப்பர் பூட் உப்பிவிடுமாம்.

அரியாங்குப்பம்:
வீட்டிலேயே மாற்றுபவர்கள் தரையைப் பாருங்கள் அண்ணே. பக்கத்து வீட்டுக்காரர் மணல் தரையில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றியிருந்தார். ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து வண்டி சரிந்தது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைத்திருந்ததால் அதன்மேல் உட்கார்ந்தது. கை கால் தப்பியது. சிமெண்ட் தரை, ஜாக் ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

அவர் காலிப்பரையும் பிரேக் ஆயில் வரும் ஹோஸிலேயே தொங்க விட்டிருந்தார். கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டச் சொன்னேன். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்தால் பெயிண்ட் போய்விடும்.

லாஸ்பேட்டை:
இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் என் மைத்துனர் வண்டியை எடுத்தார். முதல் மிதியில் பெடல் தரை வரை போய்விட்டது. நல்லவேளை, வாசலைத் தாண்டவில்லை. தள்ளிவைத்த பிஸ்டன் திரும்பி வந்து பேடைத் தொட வேண்டாமா? பெடல் கெட்டியாகும் வரை நின்ற இடத்திலேயே மிதித்துவிட்டுத்தான் கியர் போட வேண்டும்.

புது டிஸ்க்கில் துருவுக்காக எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடைத்தோம். அப்புறம் புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, விடிகாலையில் காலாப்பட்டு தாண்டி, சாலை காலியாக இருந்த இடத்தில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை குறைப்பதும் திரும்ப ஏற்றுவதுமாகப் பலமுறை ஓட்டினோம். சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்தி மிதித்துக்கொண்டே நிற்கக் கூடாது.

தேவனாம்பட்டினம்:
மழை விட்ட காலையில் டிஸ்க் ஆரஞ்சு நிறமாக இருக்கிறதே, அது?

லாஸ்பேட்டை:
அது மேல் துருதான் அண்ணே, நாலு பிரேக்கில் போய்விடும். வலது பக்க ஸ்லைடு பின் எப்படி இருந்தது, பார்த்தீர்களா?